ஸ்லோ குக்கரில் நாய்க்குச் சமைக்கும் உணவு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

காலையில் நிரப்பி வைத்துவிட்டு மாலையில் திறந்து பார்த்தால் போதும் என்பதால், நாய்க்கு வீட்டிலேயே சமைப்பவர்கள் பலர் ஸ்லோ குக்கரை, அதாவது மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் மூடிய பானையை, விரும்புகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அதில் சூடு மிக மெதுவாக ஏறும். உள்ளே இருக்கும் நீர் ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். பானையைத் திறந்ததும் கண்ணில் படும் குறைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றால் வருபவை. அவற்றைத் திருத்துவதும் எளிது. பானையில் எந்தக் குறையும் தெரியாமல், வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் நாயின் உடம்பில் தெரியவரும் பிழைகள்தாம் கவலைக்குரியவை. எனவே பானை, தட்டு, நாயின் உடல் என்ற வரிசையில் இங்கே அறிகுறிகளை எடுத்துக்கொள்கிறேன்.

எதைச் சமைக்கிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் எங்கே பிழை என்று சொல்ல இயலாது. ஆகவே, 4.5 லிட்டர் குக்கருக்கு நான் பயன்படுத்தும் அளவை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி 1 கிலோ, கோழி ஈரல் 60 கிராம், புழுங்கல் அரிசி 300 கிராம், பரங்கிக்காய் 300 கிராம், கேரட் 150 கிராம், பீன்ஸ் 100 கிராம், தண்ணீர் 800 மில்லிலிட்டர். இது பானையின் பாதிக்கு மேலும் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளும் நிற்கும். பாதிக்குக் குறைவாக நிரப்பினால் ஓரம் கருகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் நடுப்பகுதி சூடேற நெடுநேரம் ஆகும். அரிசி தவிர மற்ற அனைத்தும் ‘ஹை’ நிலையில் நான்கு மணி நேரம் வேக வேண்டும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் அரிசியைச் சேர்க்க வேண்டும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. இது வளர்ந்த, நோயற்ற நாய்க்கான அளவு. குட்டிகளுக்கும், சிறுநீரகம், கணையம் முதலியவற்றில் நோய் உள்ள நாய்களுக்கும் பொருந்தாது.

கறி நூலாகப் பிரிந்துவிட்டது. கேரட் மட்டும் கடக்கென்று இருக்கிறது

காய்கறி மென்மையாவதற்கு அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். அது ஏறத்தாழ 85 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நன்றாகக் கரையும். கறி அதற்குக் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். எனவே கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கிப் பானையின் அடியிலும் ஓரத்திலும் பரப்பி, அவற்றின் மேல் கறியை வையுங்கள். பருப்போ பயறோ சேர்ப்பவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்ப்பது நல்லது. கடின நீரில் உள்ள கால்சியம் பயறு மென்மையாவதைத் தடுக்கும்.

பயறு என்று வரும்போது ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் மிகுதி. நீர் கொதிக்கும் நிலையை எட்டாத ‘லோ’ நிலைச் சூடு அந்த நச்சை அழிக்காது; அரைகுறைச் சூட்டில் வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடக் கூடுதல் தீங்கு செய்யக்கூடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே அது ஸ்லோ குக்கருக்குள் போகலாம். என் கருத்தில், நாயின் உணவில் ராஜ்மாவுக்குத் தேவையே இல்லை.

உணவு தண்ணீராக இருக்கிறது. மேலே கொழுப்பு மிதக்கிறது

அடுப்பில் வைக்கும் குழம்பில் நீர் சுண்டும், இங்கே சுண்டாது. கறியும் பரங்கிக்காயும் விடும் நீர் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அடுப்புச் சமையலின் நீரளவை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் இதற்குக் காரணம். அடுத்த முறை 150 மில்லிலிட்டர் குறைத்துப் பாருங்கள். வெந்துவிட்ட பானையில் நீர் மிகுந்திருந்தால் வடித்துக் கொட்ட வேண்டாம்; கறியிலிருந்து இறங்கிய பி வகை வைட்டமின்களும் தாதுக்களும் அந்த நீரில்தான் இருக்கின்றன. மூடியைத் திறந்து ‘ஹை’யில் அரை மணி நேரம் விடலாம், அல்லது ஒரு கைப்பிடி அரிசி சேர்த்து மேலும் ஒரு மணி நேரம் வேகவிடலாம்.

மிதக்கும் கொழுப்பைச் சூடாக இருக்கும்போது அள்ளுவது கடினம். ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் தட்டாக உறைந்துவிடும், கரண்டியால் எடுத்துவிடலாம். தோலோடு கூடிய கோழியோ கொழுப்பு மிகுந்த ஆட்டுக் கொத்துக்கறியோ சமைத்தால் இதைத் தவறாமல் செய்யுங்கள். கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைத் தூண்டிவிடும்; அந்த நோயின் வலி கடுமையானது.

அரிசி பசையாகிவிட்டது, அல்லது ஓரத்தில் கருகி ஒட்டிவிட்டது

பச்சரிசியைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். புழுங்கல் அரிசி ஏற்கெனவே ஆவியில் வெந்து இறுகியது என்பதால் பசை குறைவு. கருகுவது ஒரே பக்கத்தில் மட்டும் நேர்ந்தால், பீங்கான் பாத்திரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்ததும் புளித்த வாடை வருகிறது, அல்லது கறியின் நடுவில் இளஞ்சிவப்பு தெரிகிறது

இந்த அறிகுறியை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக அணுகுகிறேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். மெதுவாகச் சூடேறும் பானை அந்த இடைவெளியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ஸ்லோ குக்கரின் உண்மையான பலவீனம். அந்த நேரத்தை நீட்டும் எதுவும் ஆபத்தானது.

உறைந்த கறியைக் கட்டியாகவே உள்ளே போடுவது முதற் காரணம். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, முழுவதும் உருகிய பிறகே பானையில் இட வேண்டும். மூடியை அடிக்கடி திறப்பது அடுத்தது. ஒரு முறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடமாவது ஆகும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: மின்னழுத்தக் குறைவு. சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறதென்றால், குக்கருக்குக் கிடைக்கும் சூடு ஏறத்தாழ 60 விழுக்காடுதான். கோடையில் ஊரெல்லாம் குளிரூட்டிகள் ஓடும் நேரத்தில் சமைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குக்கரின் மேல் ஐயம் இருந்தால் வெறும் தண்ணீரால் சோதிக்கலாம். பானையைப் பாதிக்கு மேல் நீரால் நிரப்பி, மூடியுடன் ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்து, திறந்தவுடன் உணவு வெப்பமானியை உள்ளே விட்டுப் பாருங்கள். 85 டிகிரிக்கும் 93 டிகிரிக்கும் இடையில் காட்டினால் குக்கர் சரியாக இருக்கிறது. 85க்குக் கீழே காட்டும் குக்கரில் கறி சமைக்க வேண்டாம். கறியின் நடுவில் தெரியும் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். எலும்பை ஒட்டிய கோழிக்கறி வெந்த பின்னும் சிவந்திருக்கக்கூடும். தடித்த துண்டின் நடுவில் 74 டிகிரி காட்டினால் அது வெந்துவிட்டது.

மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? நீங்கள் வீட்டில் இருந்தால், உடனே எல்லாவற்றையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி எரிவாயு அடுப்பில் கொதிக்கவிடுங்கள். முற்றும் வெந்த பிறகு மின்சாரம் நின்றிருந்தால், மூடியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். நீங்கள் வெளியே இருந்தபோது, வேகும் முன்னரே, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாதபடி நின்றிருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். திருகு குமிழ் உள்ள குக்கர்கள் மின்சாரம் திரும்பியதும் தாமாகவே மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். மாலையில் பார்க்கும்போது பானை சூடாகவே இருக்கும், நடுவில் மூன்று மணி நேரம் ஆறிக் கிடந்தது தெரியாது. மின் கடிகாரம் ஏதேனும் வீட்டில் இருந்தால் அது நேரத்தை இழந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லோ குக்கர்கள் பெரும்பாலும் 200 முதல் 300 வாட் வரைதான் இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதனுடன் இணைக்கப்பட்ட பிளக்கிலேயே செருகிவிடலாம்.

‘மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடாதா’ என்று கேட்பார்கள். ஆகாது. சில பாக்டீரியாக்கள் சூட்டில் சாகும்; அவை ஏற்கெனவே விட்டுச்சென்ற நச்சு கொதிநீரிலும் அழியாது. அரிசியில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் அப்படிப்பட்டது. ஒரு கிலோ கறியைக் குப்பையில் கொட்டுவது மனத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் கொட்டித்தான் ஆக வேண்டும்.

வெந்து முடிந்த உணவிலும் இதே ஆபத்து உண்டு. பானையோடு அப்படியே ஆறவிட்டால் தடித்த பீங்கான் சூட்டை விடாது; நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடக்கும். அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அங்கே மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டியதை வேளைக்கு ஒரு டப்பாவாக உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். ஆறிய உணவை மீண்டும் ஸ்லோ குக்கரிலேயே சூடாக்குவது கூடாது, அடுப்பில் சூடாக்குங்கள்.

நாய் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் காய்கறியை விட்டுவிடுகிறது

இது உணவின் குறையன்று, கலவையின் குறை. பெரிய துண்டுகளாக இருந்தால் நாய் பிரித்துவிடும். காய்கறியையும் ஈரலையும் சிறிது சாற்றுடன் மிக்ஸியில் அரைத்துக் கறியோடு பிசைந்துவிடுங்கள். உடல் சூட்டுக்குச் சற்றுக் குறைவான வெதுவெதுப்பில் கொடுத்தால் மணம் எழும்பும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே வைத்த தட்டை நாய் முகர்ந்துவிட்டுப் போவது இயல்புதான். ஆனால் நேற்று வரை ஆவலோடு உண்ட நாய் இன்று எதையுமே தொடவில்லை என்றால், சமையலில் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் நாயைப் பாருங்கள்.

மலம் இளகிப் போகிறது

எந்த நாளில் தொடங்கியது என்பதைக் கொண்டு காரணத்தைப் பிரித்தறியலாம். பழைய உணவை நிறுத்திய முதல் வாரத்திலேயே என்றால், மாற்றம் வேகமாக நடந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதிய உணவு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்து, ஒரு குறிப்பிட்ட பானைக்குப் பிறகு மட்டும் இளகினால், அந்தப் பானையில் கொழுப்போ ஈரலோ கூடியிருக்கும், அல்லது அது சரியாக ஆறவைக்கப்படாததாக இருக்கும். வாயு மட்டும் மிகுந்திருந்தால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

இரத்தம் கலந்த மலம், வாந்தியோடு கூடிய பேதி, முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி வணங்குவதுபோல் நிற்கும் நிலை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. கடைசியாகச் சொன்னது கணைய அழற்சியின் வயிற்றுவலியாக இருக்கலாம்.

மலம் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகியிருக்கிறது

எலும்போ முட்டையோட்டுப் பொடியோ மிகுந்துவிட்டது. பொடியின் அளவைக் குறைக்க வேண்டும்; ஆனால் முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது என்பதைக் கீழே விளக்குகிறேன். வெந்த எலும்பு எதையும் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் வெந்த கோழி எலும்பு விரலுக்கு மென்மையாகத் தெரியலாம். கால் எலும்பின் நடுத்தண்டு அப்போதும் கூராகவே பிளக்கும்.

வயிறு நிறைய உண்டும் நாய் மெலிகிறது

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். 18 கிலோ எடையுள்ள என் நாட்டு நாய்க்கு, முன்பு உலர் தீனி வைத்த அதே கிண்ணத்தால் சமைத்த உணவை அளந்து வைத்துவந்தேன். அது மகிழ்ச்சியாக உண்டது. தட்டை நக்கித் துடைத்தது. ஆறு வாரத்தில் அதன் எடை ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. விலா எலும்புகளைத் தடவியபோதுதான் எனக்கு உறைத்தது.

உலர் தீனியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கிலோகலோரி இருக்கும். மேலே சொன்ன பானையில் மொத்தம் ஏறத்தாழ 2,500 கிலோகலோரிதான். மிகுதி எல்லாம் நீர் என்பதால் 100 கிராமுக்கு 95 அளவில்தான் வருகிறது. எனவே கிண்ணக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள். நாயின் எடையின் கனத்தைக் கண்டு (எடை × எடை × எடை), வரும் எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, அதை 70ஆல் பெருக்கினால், ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குத் தேவையான கிலோகலோரி கிடைக்கும். 18 கிலோவுக்கு 5,832. அதன் வர்க்கமூலம் 76.4, மீண்டும் எடுத்தால் 8.74; 70ஆல் பெருக்கினால் 612. கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும். ஆக 980 கிலோகலோரி, அதாவது இந்த உணவில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. வாரம் ஒரு முறை எடை பார்த்துக் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்ளுங்கள். பானையில் நீர் மிகுந்த நாளில் அதே எடையில் கலோரி குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதங்கள் கழித்து: மயிர் மங்குகிறது, தோல் உரிகிறது, நடை தளர்கிறது

கறியும் சோறும் காய்கறியும் பார்வைக்கு நிறைவான உணவு. நாயின் தேவைக்கு அது நிறைவன்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், வீட்டில் தயாரிக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐ ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, 95 விழுக்காடு குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளிலும் சில தப்பவில்லை. எனவே ‘விதவிதமாகக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையை நான் கைவிட்டுவிட்டேன்.

முதலில் கால்சியம். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ, இரண்டு மடங்குக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தாடை தளரும், எலும்பு எளிதில் முறியும். குட்டிகளில் இது விரைவாகவும் கொடுமையாகவும் நேரும். மேற்படி பானையில் இயல்பாக இருக்கும் கால்சியம் ஏறத்தாழ 300 மில்லிகிராம். வளர்ந்த நாய்க்கு அந்த 2,500 கிலோகலோரிக்கு ஏறத்தாழ 3,200 மில்லிகிராம் தேவை. முட்டையோட்டுப் பொடி 5 கிராமில் ஏறத்தாழ 1,900 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், பானைக்கு 8 கிராம் பொடி சரியாக இருக்கும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, நெருநெருப்பில்லாமல் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகில் கால்சியம் இருக்கிறதே என்பார்கள். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுதான், அதிலும் ஒரு பகுதியை, தானியத்தில் இயல்பாக உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் உடலுக்குச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பற்றாக்குறையை அதனால் ஈடுசெய்ய இயலாது.

கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்காகிறதென்றால் துத்தநாகக் குறைவை ஐயுறலாம். துத்தநாகத்தோடு வைட்டமின் டி, வைட்டமின் ஈ, கோலின், செம்பு, அயோடின் ஆகியவையும் வீட்டுணவில் வழக்கமாகக் குறைபவை. மருந்துக் கடை டானிக் இவை அனைத்தையும் போதிய அளவில் தராது. வீட்டில் சமைத்த உணவுக்கென்றே அமைந்த வைட்டமின்–தாதுக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். அதைப் பானையில் போட்டு வேகவிடாதீர்கள். நெடுநேரச் சூட்டில் தயமின் முதலிய வைட்டமின்கள் அழியும். மீன் எண்ணெயும் கெடும். ஆறிய பிறகு, பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள்.

நல்லது என்று எண்ணி ஈரலைக் கூட்டுவதும் ஒரு பிழை. ஈரலில் வைட்டமின் ஏ மிகச் செறிவாக இருக்கிறது. மாதக்கணக்கில் மிகுந்தால் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி வலிக்கும். உணவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம்.

ஈறு வெளுக்கிறது, சிறுநீர் கருஞ்சிவப்பாகிறது, அல்லது வாந்தியோடு சிறுநீர் குறைகிறது

இங்கே திருத்த வேண்டியது பானையை அன்று. உடனே கால்நடை மருத்துவரிடம் புறப்பட வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போகாது. ஸ்லோ குக்கரில் சாற்றில் முழுவதும் இறங்கிவிடும் என்பதால் துண்டுகளை எடுத்து எறிவதாலும் பயனில்லை. அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும். உண்ணி அண்டாது என்று பூண்டு சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2021இல் தெரிவித்தனர். புளி உண்ட நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் பின்னர் பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் மீந்த சாம்பார்ச் சோற்றையும் இரசச் சோற்றையும் நாய்க்கு வைப்பது தலைமுறைப் பழக்கம். அதில் வெங்காயமும் உண்டு, புளியும் உண்டு. நாய்க்கென்று கவனமாகச் சமைத்த உணவின் மேல் சுவைக்காக ஒரு கரண்டி சாம்பார் ஊற்றுவதை வீட்டில் உள்ள எல்லோரும் நிறுத்த வேண்டும். குறிப்பாக, அன்போடு அதைச் செய்யும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, பானையில் சேர்த்த பொருள்களின் பெயரையும் எடையையும், சமைத்த தேதியையும், கடைசியாக உண்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதே பானையில் மீதமிருக்கும் உணவை ஒரு டப்பாவில் மூடிக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்டால் கொடுக்கலாம்.